சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டில்கள்

பங்கு பிரித்த அன்று சித்தேரிக் கரையில் இருந்தவர்கள்: ஏரியை மீனுக்கு ஏலம் எடுத்திருந்த தனபால், பஞ்சாயத்துத் தலைவர் பச்சையம்மாள், கழிவுநீர் லாரி வைத்திருந்த ஏழுமலை, கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலின் மேனேஜர் இசக்கிமுத்து, ஒரு கம்பெனியின் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்டர், எங்கள் லேபின் சுந்தரவதனம் சார், பிறகு நான். ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் வேலிகாத்தான் நிழலில் நின்றிருந்தார்கள். அவர்கள் பெயர்களும் எனக்குத் தெரியும். எழுதினால் நான் தெருவில் நடக்க முடியாது.

இத்தனை சரியாக எழுதக் காரணம் இருக்கிறது. அன்று அந்தக் கரையில் ஒரு வார்த்தை கொடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு "அப்படியா சொன்னாங்க? நான் அன்னிக்கு ஊர்லயே இல்லயே" என்று பலர் சொல்லக் கேட்டுவிட்டேன். இருந்தவர்கள் இருந்தார்கள். அதை யாராவது ஓர் இடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

என் பெயர் ஏகாம்பரம். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவன். தண்ணீர் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் டிரைவராகச் சேர்ந்து, சாம்பிள் எடுக்கும் ஆளாக மாறி, போன சித்திரையோடு ஓய்வு பெற்றேன். லேபின் ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது பல இடங்களில் தண்ணீர் வெளியேறும் குழாயிலேயே ஒரு கருவியை மாட்டிவிடுகிறார்கள். அது தானே அளந்து தானே ஆபீஸுக்கு அனுப்பிவிடுகிறது. "பாட்டில்ல மோந்துக்கினு வர்ற வேலைல எழுத இன்னாண்ணே இருக்கும்?" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. எழுதினாலும் கவலை, எழுதாவிட்டாலும் கவலை. என் மனைவி சொல்வாள்: "உனக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லன்னு வெச்சுக்க, ஏன் ஒண்ணுமே இல்லன்னு அதுக்கும் கவலைப்படுவ." உண்மைதான். வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகு ஹேண்ட்பிரேக் போட்டேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவன் நான். பார்த்துவிட்டு வந்த பிறகு, பார்க்கும்போது கை பட்டு அது இறங்கியிருக்குமோ என்று யோசிப்பேன்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக இல்லை. முதல் சில வருடம் வண்டி ஓட்டினேன். சாம்பிள் எடுக்கும் ஆள் ஒருநாள் வரவில்லை. "நீயே எடுத்துட்டு வாய்யா" என்றார்கள். எடுத்து வந்தேன். முழுவதையும் சாக்கடையில் ஊற்றிவிட்டு மறுபடி அனுப்பினார் சுந்தரவதனம் சார். அவர்தான் எங்கள் மூத்த கெமிஸ்ட். மூன்றாம் முறை கொண்டுவந்தபோது ஊற்றவில்லை. அதுதான் என் சர்டிபிகேட்.

சார் சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாம் எதையாவது சொன்னால் தலையைத் தூக்காமல் "அப்புறம்?" என்பார். அடுத்ததைச் சொன்னால் அதற்கும் "அப்புறம்?" நமக்குள் இருப்பதெல்லாம் தீரும் வரைக்கும் விடமாட்டார். என்னைப் போன்ற ஆளுக்கு உள்ளே இருப்பது தீரவே தீராது. அவர் அறையை விட்டு வெளியே வரும்போது சட்டை நனைந்திருக்கும். ரிசல்ட் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவார். ஏன் என்று கேட்க எனக்கு ஒருநாளும் தைரியம் வந்ததில்லை.

ஓடையில் தண்ணீர் எடுக்க ஒரு முறை உண்டு. கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலேயிருந்து இறங்கி வந்தால் நம் கால் கலக்கிய சேறே நம் பாட்டிலுக்குள் வரும். ஓட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பாட்டிலின் வாயும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். மூடியைக் கீழே வைக்கக்கூடாது, விரலிடுக்கில் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தண்ணீரை எடுக்கப் போகிறோமோ அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, நமக்குப் பின்னால் ஊற்ற வேண்டும். பிறகுதான் நிரப்புவது. இரண்டு வாய்க்கால் சேரும் இடம் என்றால் சேருமுன் ஒன்று, சேர்ந்த பின் ஒன்று. பெயரைப் பென்சிலில் எழுத வேண்டும். பேனா மை ஐஸ் பெட்டியில் கரைந்துவிடும். நைட்ரஜன் பார்க்கிற பாட்டிலில் ஆசிட் சொட்டு விடவேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே தண்ணீர் மாறிவிடும். பாஸ்பேட் பார்ப்பது கண்ணாடிப் பாட்டிலில். அந்தப் பாட்டிலுக்கு மட்டும் ஒரு தீட்டு உண்டு. அதைச் சோப்பால் தொடவே கூடாது. சோப்புத் தூளிலேயே பாஸ்பேட் இருக்கலாம். ஆசிட்டில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசிக் கவிழ்ப்பார்கள். அந்த வேலையைப் பார்த்தவர் சரோஜாக்கா. லேபில் என்னைவிட மூத்தவர்.

இனி சித்தேரி.

எங்கள் ஊர், வல்லக்கோட்டைக்கு அப்பால், வடகால் தொழில் எஸ்டேட்டிலிருந்து வரும் ஓடை முடிகிற இடத்தில் இருக்கிறது. ஓடை வந்து விழுவது சித்தேரி. அந்த வருடம் ஏரியைத் தனபால் ஏலம் எடுத்து, கட்லாவும் ரோகுவும் குஞ்சு வாங்கி விட்டிருந்தான். கடன் வாங்கித்தான். ஆயுத பூஜைக்கு முன்பே ஏரி பச்சையாகிவிட்டது. பாசி என்றால் கல்லில் பிடிக்கிற பாசி இல்லை. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி. பூஜை முடிந்து மூன்றாம் நாள் வானம் முழுக்க மூடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதாம். வெயில் வருவதற்குள் கரை முழுக்க வெள்ளை வயிறு.

ஊர் அன்றைக்கே குற்றவாளியைப் பிடித்துவிட்டது. ஏழுமலையின் லாரி. வீடுகளிலும் லாட்ஜுகளிலும் செப்டிக் டேங்க் உறிஞ்சுகிற வண்டி. அது ஓடைப் பக்கம் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். டயர் காற்றைப் பிடுங்கிவிட்டு, பனைமரத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். தனபாலுக்குப் பணம் வரும்வரை வண்டி நகராது.

ஏழுமலை ஓடவில்லை. வண்டி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

"ஊத்துனேன். இல்லன்னு நான் சொல்லல. கொட்ற எடம் தொலவு, போனா கியூல அரை நாள் நிக்கணும். அவசரத்துக்கு ரெண்டு தபா மூணு தபா இங்க ஊத்துனேன். ஆனா நான் மட்டும்தானாடா? ஊரு பூரா பேண்டு வெச்சத நான் தூக்கிக்கினு போவும்போது ராசா. கீழ வெச்சா திருடனா?"

"வாய மூடுடா நாத்தம் புடிச்சவனே" என்றார் ஒருவர்.

"என் நாத்தம் வெளிய தெரியுது அண்ணாத்த. உன்னுது மூடி போட்டு வெச்சுக்கினு கீற."

ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே சங்கிலியை இன்னொரு சுற்றுச் சுற்றியது.

பிறகு யாரோ ஹாஸ்டல் பேரை எடுத்தார்கள். தெற்கத்திப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தங்குகிற கட்டடம் அது. குளியல், துணி, சமையல், கக்கூஸ் எல்லாவற்றையும் அவர்களே சுத்திகரித்து ஓடையில் விடுகிறார்கள். மேனேஜர் இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர். ஒரு கண்ணாடித் தம்ளரில் தங்கள் தண்ணீரைக் கொண்டுவந்தே காட்டினார்.

"பாருங்க அண்ணாச்சி. கண்ணாடி கணக்கா இருக்கா இல்லையா? மோந்து பாருங்க. ஒரு வாடை இருக்கா? லட்சக்கணக்குல செலவழிச்சு மிஷின் போட்டிருக்கோம், சும்மாவா?"

"குடிச்சுக் காட்டு சார், ஒத்துக்கறேன்" என்றான் ஏழுமலை.

இசக்கிமுத்து தம்ளரை வாய்வரை கொண்டுபோனார். எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொண்டுபோன தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததால்தான், டெஸ்ட் செலவை ஹாஸ்டலே ஏற்கும் என்று அங்கேயே சொன்னார். டெஸ்டுக்கு யார்? எங்கள் லேப். எடுக்க யார்? நான். ஊர்க்காரன், எல்லோருக்கும் பொது என்றார்கள். எல்லோருக்கும் பொதுவானவன் என்றால் எல்லோரிடமும் திட்டு வாங்குவான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

எங்கெங்கே எடுக்க வேண்டும் என்பதை ஊரே சொன்னது. ஏரி வாய், லாரி ஊற்றின இடத்துக்குக் கீழே ஒன்று மேலே ஒன்று, ஹாஸ்டல் குழாய், அதற்கும் மேலே. கடைசியாக, எதுவுமே சேராத மேட்டுக் குட்டை ஒன்று. அது ஒப்பிட்டுப் பார்க்க. மறுநாள் முறைப்படி எடுத்தேன். கீழேயிருந்து மேலே, மூன்று அலசு, பென்சில் பெயர். பாட்டில்கள் அன்று ஏனோ பளபளவென்று இருந்தன. முதல் பாட்டிலை அலசும்போது லேசாக நுரை வந்தது. ஓடை நுரை என்று நினைத்தேன். ஓடையில் நுரை இல்லாத நாள் ஏது? ஐஸ் பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. பெட்டியை லேபில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நுரை என் கூடவே வந்தது. மேட்டுக் குட்டையில் அலசும்போதும் நுரை வந்ததா? வந்த மாதிரிதான் இருந்தது. அங்கே நுரை எப்படி வரும்? அங்கே மழைத் தண்ணீரும் ஆட்டுக் கால் குழியும்தானே இருக்கிறது?

மறுநாள் லேபுக்குப் போனதும் நேராகக் கழுவுகிற இடத்துக்குப் போனேன்.

"அக்கா, பாட்டிலெல்லாம் புதுசு மாதிரி மின்னுதே, இன்னா பண்ண?"

சரோஜாக்காவுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா, நீ ஒருத்தன்தான் கவனிச்ச. பூஜைக்கு எல்லாத்தையும் வெளக்கணும்ல. ஆயுதம்னா ஆயுதம்தானே, பாட்டில் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? புதுசா ஒரு சோப்புத் தூள் வாங்கியாந்து, நல்லாத் தேச்சு, வெயில்ல கவுத்து, பொட்டு வெச்சு எடுத்தேன். பொட்ட மட்டும் அப்புறம் தொடச்சுட்டேன்."

"ஆசிட்?"

"பூஜையன்னிக்கு யாருடா ஆசிட்டத் தொடுவா?"

வருடா வருடம் பூஜைக்கு மிஷினைத் துடைப்போம், வண்டியைக் கழுவுவோம், எலுமிச்சம்பழம் வைப்போம். பாட்டிலுக்கும் பூஜை வைக்க வேண்டும் என்று அந்த வருடம்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. பக்தியில் ஒரு குறையும் இல்லை.

நான் சாரின் அறைக்கு முன்னால் நின்றேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேனா? யோசித்தேன். மூன்று முறை அலசியிருக்கிறேனே, சோப்பு போயிருக்காதா? போயிருக்கும். போகாமல் இருந்தால்? சரோஜாக்காவின் வேலை போனால்? பனைமரத்தில் கட்டியிருக்கும் வண்டி? உள்ளே போனேன்.

"சார், பாட்டில் கழுவினதுல ஒரு சந்தேகம்."

"அப்புறம்?"

"சரோஜாக்கா பூஜைக்குன்னு சோப்புத் தூள் போட்டுக் கழுவிட்டாங்க."

"அப்புறம்?"

"அந்தப் பாட்டில்லதான் சார் சித்தேரித் தண்ணி எடுத்தேன்."

இந்த முறை அப்புறம் வரவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மேசை மேல் இருந்த தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"மேட்டுக் குட்டையிலகூட பாஸ்பேட் காட்டுது. காலையிலேருந்து மிஷின்தான் கெட்டுப்போச்சோன்னு பாத்துட்டிருக்கேன்."

"மத்த இடம் சார்?"

"ஹாஸ்டல் குழாய்தான் எல்லாத்துக்கும் மேல. லாரி இடம் அதுல பாதிகூட இல்ல. சோப்பைக் கழிச்சாலும் ஹாஸ்டல்தான் மேல இருக்கும்."

"கண்ணாடி மாதிரி இருந்ததே சார்?"

"அந்த மிஷின் நாத்தத்தை எடுக்கும், கலங்கலை எடுக்கும். பாஸ்பேட் மாதிரி உரத்தை எடுக்காது. அதுக்குத் தனியா செலவு பண்ணணும், பண்ண மாட்டாங்க. ஊர்ல எல்லாரும் விஷம் விஷம்னு தேடுறாங்க. இது விஷம் இல்ல, சாப்பாடு. ஏரிக்கு அளவுக்கு மீறிச் சாப்பாடு போயிருக்கு. அதைத் தின்னு பாசி வளந்தது. வெயில் இல்லாத நாள்ல அந்தப் பாசியே தண்ணில இருந்த காத்தையெல்லாம் இழுத்துக்கிச்சு. மீன் மூச்சு முட்டிச் செத்துது."

"அப்போ சோப்பைக் கழிச்சுட்டு ரிசல்ட் அனுப்பிடலாமா சார்?"

"எவ்வளவு கழிக்கணும்?"

எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது. ஒவ்வொரு பாட்டில்லயும் எவ்வளவு சோப்பு மிச்சம் இருந்ததுன்னு அந்தச் சரஸ்வதிக்குத்தான் தெரியும். எவ்வளவுன்னு தெரியாம கழிச்சா அது கணக்கு இல்ல, நம்ம இஷ்டம்."

தாளின் மேல் குறுக்காகக் கோடு போட்டார். கை கழுவவில்லை. பிறகு எழுந்து சரோஜாக்காவிடம் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "சரோஜா, இனிமே பாட்டிலுக்குப் பூஜை வேண்டாம். சந்தனம் மிச்சம் இருந்தா என் மேசைக்கு வை" என்றார். அவ்வளவுதான். சரோஜாக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. நானும்தான்.

தனபாலிடம் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. அவன் கரையில் குழி வெட்டி, செத்த மீனைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துக்கொண்டிருந்தான். நாற்றத்துக்குத் துண்டை மூக்கில் கட்டியிருந்தான்.

"இன்னாண்ணே, ரிசல்ட் வந்துச்சா?"

"திரும்ப எடுக்கணும் தனபாலு. பாட்டில் கழுவினது சரியில்ல."

துண்டை அவிழ்த்தான். "ஹாஸ்டல் மேனேஜர் நேத்து போன் பண்ணாருண்ணே. ஓனர்கிட்ட பேசிட்டாராம். ரிசல்ட்ல நம்ம பேர் வந்துச்சுன்னா மொத்தத்தையும் ஒரே தபாவுல குடுத்து முடிச்சுடு, விஷயம் வெளிய போவக்கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாராம். ரெண்டு லட்சம்ணே. அவங்களுக்கு அது டீச்செலவு. நீ இன்னாடான்னா பாட்டில் கழுவினது சரியில்லன்ற."

"தப்பான தாள வெச்சு வாங்குனா, நாளைக்கு அவங்க வேற லேபுக்குப் போவாங்க. அப்போ மொத்தமும் போவும்டா."

"போவாங்க, போவமாட்டாங்க, அது நாளைக்கு. உனக்கு எல்லாமே நாளைக்குத்தான் அண்ணே." வானத்தைப் பார்த்தான். "மழ வேற வரப்போவுது. வந்துச்சுன்னா எல்லாத்தையும் அடிச்சுக்கினு போயிரும். அப்புறம் எதைப் புடிச்சுப் பாட்டில்ல போடுவ?"

அவன் சொன்ன வாய் மூடவில்லை என்பார்களே, அப்படித்தான் ஆனது. அன்று சாயங்காலம் பிடித்த மழை விடாமல் பெய்தது. என்னால் ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. ஒவ்வொரு இடியும் என்னை ஏசுவது போல இருந்தது.

மழை விட்டு ஓடை வடிந்ததும் இரண்டாம் முறை போனோம். இந்த முறை சார் கூடவே வந்தார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தார். புதிதாக ஆசிட்டில் ஊறிய பாட்டில்கள். சரோஜாக்கா ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அலசிப் பெட்டியில் வைத்திருந்தார்.

ஏரி வாயில் எடுத்துவிட்டு மேலே திரும்பியபோது சார் நின்றார். கரையை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் வந்து ஏரியில் விழுந்துகொண்டிருந்தது.

"இது எங்கேருந்து வருது?"

"அது நம்ம ஊர்த் தண்ணி சார்."

"போன தடவை இதுல எடுத்தியா?"

"இல்ல சார். ஊர்ல குடுத்த இடத்துல இது இல்ல."

"நம்ம ஊர்த் தண்ணின்னு பாட்டிலுக்குத் தெரியுமா?"

அந்த வாய்க்கால் எங்கள் தெருக்களின் பின்பக்கம் வழியாக வருகிறது. எல்லா வீட்டுப் பாத்திரம் கழுவின தண்ணீர், வாஷிங் மிஷின் தண்ணீர், நிரம்பி வழியும் செப்டிக் டேங்க் குழாய்கள், மாட்டுக் கொட்டகை கழுவுகிற தண்ணீர். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு நீலக் குழாய் தெரிந்தது. அதிலிருந்து நுரை வந்துகொண்டிருந்தது.

குழாயடியில் பெண்கள் இருந்தார்கள். "யோவ் ஏகாம்பரம், அந்தத் தண்ணி எதுக்குய்யா உனக்கு?"

"டெஸ்டுக்கும்மா."

"அது உன் பொண்டாட்டி துணி அலசுன தண்ணிதான்யா. பாத்துப் பதனமா மோந்துக்க, புடவைச் சாயம் ஒட்டிக்கப் போவுது!"

என் மனைவியும் அங்கே குடத்தோடு நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள். மூன்று முறை அலசிப் பின்னால் ஊற்றினேன். நிரப்பினேன். பென்சிலால் என் ஊர்ப் பெயரை எழுதினேன்.

இன்னும் மேலே, எஸ்டேட்டுக்குள், ஒரு கம்பெனியின் மதிலுக்கு வெளியே குழாய் ஒன்று மழைத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பச்சைப் பசேலென்று புல்தரை. வெளிநாட்டு விருந்தாளிகள் வரும்போதெல்லாம் புல்லுக்கு மூட்டை மூட்டையாக யூரியா தூவுவார்களாம், மழையோ புல்லுக்கு அடிக்கிற தண்ணீரோ அதை ஓடைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் நெல் வயல். நெல் போய்ப் புல் வந்துவிட்டது. யூரியா மட்டும் போகவில்லை.

ரிசல்ட் வந்தது. மேட்டுக் குட்டையில் ஒன்றும் இல்லை. பாட்டில் சுத்தம் என்று சாருக்கு நிம்மதி. ஹாஸ்டல் தண்ணீர் மழையில் நீர்த்து, முதல் தாளில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. லாரி ஊற்றின இடத்தை மழை கழுவிவிட்டிருந்தது, மிச்சம் கொஞ்சம்தான். புல்தரைக் குழாயில் நைட்ரஜன் ஏறியிருந்தது. ஊர் வாய்க்காலில் இரண்டுமே இருந்தன, நன்றாகவே இருந்தன. சார் எழுந்து கை கழுவினார், கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் காலை. சார் தாளைப் படித்தார். "இதுல யார் பங்கு எவ்வளவு சார்?" என்று தலைவர் பச்சையம்மாள் கேட்டார். "தண்ணில எவ்வளவுன்னு சொல்றது என் வேலை. பணத்துல எவ்வளவுன்னு சொல்ல எனக்குத் தெரியாதும்மா" என்றார் சார்.

பச்சையம்மாள் அசையவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார். தனபால் கேட்ட இரண்டு லட்சத்தை ஒன்றரையாகக் குறைத்தார். ஹாஸ்டலுக்கு அறுபதாயிரம். புல்தரை கான்ட்ராக்டருக்கு இருபத்தைந்து. ஏழுமலைக்கு இருபது. "மிச்சம் ஊர்ப் பங்கு."

வேலிகாத்தான் நிழலில் நின்றவர்களில் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள்.

ஏழுமலைதான் முதலில் கணக்குப் போட்டான். "யக்கா, ஊருக்கு என்னவிட ஜாஸ்தி வருதே! அப்போ பனமரத்துல யாரைக் கட்டுறது?"

நான் சிரிக்கவில்லை. இசக்கிமுத்து சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். சுமையில் பாதிக்கு மேல் இறங்கியவர் வேறு எப்படி இருப்பார்?

"எங்க வூட்டுத் தண்ணி ஏரிக்குப் போவல தலைவரே, ரோட்டுக்குத்தான் போவுது" என்றது நிழலிலிருந்து ஒரு குரல்.

"ரோட்டுத் தண்ணி எங்க போவுது, திருப்பதிக்கா?" என்றார் பச்சையம்மாள். பிறகு தனபாலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஊர்ப் பங்க ஊர் குடுக்கும். திருவிழா கணக்கு முடியட்டும், வூட்டுக்கு வூடு வரி போட்டு வாங்கித் தர்றேன். நான் சொல்றேன்."

தனபால் தலையாட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

ஹாஸ்டல் பணம் செக்காக வந்தது. கான்ட்ராக்டர் இரண்டு தவணையில் கொடுத்தார். ஏழுமலை, ஊர் சங்கிலியை அவிழ்த்துவிட்ட அன்றே கடன் வாங்கி ஐந்நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுவந்தான். "மோந்து பாத்து எண்ணு தனபாலு, நாறாது" என்றான். கூடவே ஓடைக்கு இனி வரமாட்டேன் என்று சத்தியமும் செய்தான். வண்டி இப்போதும் ஓடுகிறது. ஓடையை விட்டுப் போய்விட்டானா, வேறு ஓடைக்குப் போகிறானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அதற்கும் பாட்டில் எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

ஊர் திருவிழா முடிந்தது. கணக்கும் முடிந்தது. வரி போடத் தெருக்கூட்டம் கூடவில்லை. அடுத்த வருடமும் கூடவில்லை. பச்சையம்மாள் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. ஏலம் விட்டது ஊர். ஏலம் எடுத்தவன் ஊரிடமே பணம் கேட்டுச் சண்டைக்குப் போக முடியுமா? மறுபடி ஏரியை எடுக்கத் தனபாலிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை. இப்போது ஒரகடம் ரோட்டோரத்தில், வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீனை வெட்டி விற்கிறான். அதே கட்லா, அதே ரோகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பங்காக ஒரு தொகையைக் கணக்கிட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னான்: "வேணாம்ணே. உன்கிட்ட வாங்கிட்டா, ஊர்ப் பங்க ஏகாம்பரம் குடுத்துட்டான்னு மத்தவங்கல்லாம் சொல்லிடுவாங்க. குடுத்தா ஊரா குடுக்கணும்." மீனைச் சுத்தம் செய்து பையில் போட்டுக் கொடுத்தான். அதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான்.

அந்த முதல் தாள் அப்படியே போயிருந்தால் அவனுக்கு முழுப் பணமும் ஒரே நாளில் வந்திருக்கும். சோப்பைக் கழித்தாலும் ஹாஸ்டல்தான் மேலே என்று சாரே சொன்னார். ஆனால் அப்போது ஊர் வாய்க்கால் பாட்டிலுக்குள் வந்திருக்காது. எங்கள் வீட்டு நீலக் குழாயும் வந்திருக்காது. இதில் எது சரி என்று நான் இன்னும் புரண்டு படுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் புரளலுக்குக் கருவி கிடையாது.

மலரில் இது வந்தால் ஊரில் சிலர் படிப்பார்கள். படிக்கட்டும். அன்று கரையில் இருந்தவர்கள் யார் யார் என்று மேலே எழுதியிருக்கிறேன். தனபாலுக்கு வரவேண்டிய ஊர்ப் பங்கு, நாற்பத்தைந்தாயிரம் ரூபாய், இன்னும் பாக்கி.